மொய் நோட்டின் பின்பக்கம்

வங்காள எழுத்தாளர் ஆஷாபூர்ணா தேவியின் ‘சுவர்ணலதா’ நாவலில் ஒரு சின்ன அச்சகம் வருகிறது. நாவலைப் படித்தவர்கள் பெரும்பாலும் பேசுவது தெற்குப் பார்த்த வராந்தாவைப் பற்றித்தான். புது வீடு கட்டும்போது, நின்று தெருவைப் பார்க்க ஒரே ஒரு வராந்தா வேண்டும் என்று சுவர்ணா கேட்கிறாள், கணவன் சரி சரி என்று தலையாட்டிவிட்டுக் கடைசியில் அது இல்லாமலே வீட்டைக் கட்டி முடித்துவிடுகிறான். நல்ல இடம்தான், யாருக்கும் மனசில் நிற்கும். ஆனால் என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த அச்சகம்.

சுவர்ணா பல வருடங்களாக யாருக்கும் தெரியாமல் தன் வாழ்க்கையை நோட்டுகளில் எழுதிக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகள் பெரியவர்களாகி, தலைமுடி நரைக்கத் தொடங்கிய வயதில் அதைப் புத்தகமாகப் போட்டுப் பார்க்கலாமே என்று ஓர் ஆசை வருகிறது. கணவன் வழி உறவுக்காரர் ஒருவர் அச்சகம் வைத்திருக்கிறார், நல்ல மனுஷர், அவரிடம் கொடுக்கிறாள். புத்தகம் வருகிறது, மட்டமான காகிதத்தில், தேய்ந்த எழுத்தில், பக்கத்துக்குப் பக்கம் அச்சுப்பிழையோடு. வீட்டு ஆண்கள் அதைக் கையில் எடுத்து, அச்சுப்பிழைகளை அப்படியே உரக்கப் படித்துச் சிரிக்கிறார்கள். அவ்வளவுதான் நடக்கிறது. சுவர்ணா அத்தனை பிரதிகளையும், தான் எழுதி வைத்திருந்த நோட்டுகளையும் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கொளுத்திவிடுகிறாள்.

அந்த நேரத்தில் அவளை யாரும் எழுதாதே என்று சொல்லவில்லை, நோட்டைப் பிடுங்கவில்லை, அடிக்கவில்லை. சிரித்தார்கள். பெண்கள் எழுதியது ஏன் மிஞ்சவில்லை என்று பேசும்போதெல்லாம் நாம் உடனே தடை, கட்டுப்பாடு, படிப்பு மறுப்பு என்று போய்விடுகிறோம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் எழுதத் தெரிந்து, எழுதியும் முடித்த பிறகு, அதை முதலில் கையில் வாங்குவது வீட்டு மனுஷர்கள். வீட்டு மனுஷர்கள் பெரும்பாலும் மோசமான முதல் வாசகர்கள். கெட்டவர்கள் என்பதால் இல்லை. எழுதியவளை நன்றாகத் தெரியும் என்று நம்புகிறார்கள், அதனால் எழுதியதைப் படிப்பதே இல்லை.

தடை எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டுமானால் ராஸசுந்தரி தேவியிடம்தான் போகவேண்டும். இவர் கதாபாத்திரம் இல்லை, நிஜமாக வாழ்ந்தவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிழக்கு வங்காளத்தில் பிறந்து, 12 வயதில் கல்யாணமாகி, 12 பிள்ளைகளைப் பெற்றவர். அவர் எழுதிய ‘ஆமார் ஜீபன்’, அதாவது ‘என் வாழ்க்கை’, 1876-இல் வெளிவந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். வங்காள மொழியின் முதல் தன்வரலாறு என்றே அதைக் கருதுகிறார்கள். அதில் அவர் படிக்கக் கற்றுக்கொண்ட கதை இருக்கிறது. கணவர் வைத்துவிட்டுப் போன ‘சைதன்ய பாகவத’ சுவடியிலிருந்து ஒரு ஏட்டை மட்டும் உருவி எடுத்து அடுக்களையில் ஒளித்து வைக்கிறார். மூத்த மகன் எழுதிப் பழகிய ஓலை ஒன்றையும் எடுத்து வைத்துக்கொள்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்து, சின்ன வயதில் வீட்டில் நடந்த பள்ளியில் பையன்கள் சத்தம் போட்டுப் படித்தபோது காதில் விழுந்த எழுத்துகளை ஞாபகத்திலிருந்து இழுத்து, ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்க்கிறார். அதுவும் எப்போது? சமையலுக்கும் பரிமாறலுக்கும் பிள்ளைகள் அழுகைக்கும் நடுவில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில். வயது அப்போது 25-ஐத் தாண்டியிருந்தது.

அதே புத்தகத்தில் ஒரு குதிரை வருகிறது. கணவருடைய குதிரை முற்றத்தில் வந்து நின்று நெல்லைத் தின்கிறது, இவர் வெளியே வர வெட்கப்பட்டு உள்ளேயே நிற்கிறார். கணவருடைய குதிரை முன்னால் எப்படிப் போய் நிற்பது, மரியாதை இல்லையே! பிற்காலத்தில் அதை எழுதும்போது அவருக்கே அது எவ்வளவு அபத்தம் என்று தெரிகிறது, சிரிப்பு வரியில் தெரிகிறது. தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்வது வேறு, சுவர்ணாவின் வீட்டில் கேட்ட சிரிப்பு வேறு.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் வீட்டு மனுஷர்கள் மேல் சுமத்திய பழி ஒருதலைப்பட்சமாகிவிடும். ராஸசுந்தரி படிக்கக் கற்ற பிறகும் பல வருடம் எழுதத் தெரியாமல்தான் இருந்தார். வெளியூரில் இருந்த ஒரு மகன், என் கடிதத்துக்கு நீ பதில் எழுதவேண்டும் என்று வற்புறுத்தி, காகிதமும் பேனாவும் மைக்கூடும் கொடுத்ததால்தான் எழுதக் கற்றார். ஆக, பிள்ளைகளில் அப்படியும் ஒருவன் இருந்திருக்கிறான். நம் பக்கத்தில் நாவலாசிரியர் வை. மு. கோதைநாயகி அம்மாளை எடுத்துக்கொண்டால், ஐந்தரை வயதில் கல்யாணம், பள்ளிக்கூடம் கிடையாது, வாயால் கதை சொல்லத் தெரியும், கையால் எழுத வராது. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதியதுதான் ‘இந்திர மோகனா’ நாடகம், 1924-இல் அச்சில் வந்தது. அவருக்குக் கணவர் வீட்டு ஆதரவு இருந்தது என்பதும் உண்மை. ஆனாலும் அந்த முதல் கையெழுத்து ஒரு தோழியுடையது என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டு எழுதுகிற ஒருத்தி.

சரி, ஆஷாபூர்ணாவுக்கு வருகிறேன். 1909-இல் கல்கத்தாவில் பிறந்தவர். பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கூடாது என்பது பாட்டியின் சட்டம், அதனால் போகவில்லை. அண்ணன்மார் படிக்கும்போது எதிரே உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே எழுத்துகளைத் தெரிந்துகொண்டார், அதனால் முதலில் தலைகீழாகத்தான் படிக்க வந்தது என்று சொல்வார்கள். அம்மா சரளசுந்தரிக்குப் புத்தகப் பைத்தியம். பதினைந்து வயதில் கல்யாணம். வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு இரவில் எழுதி எழுதியே நூற்றுக்கணக்கான கதைகளும் நாவல்களும் வந்தன. ‘பிரதம் பிரதிஸ்ருதி’க்காக 1976-ஆம் ஆண்டின் ஞானபீடம். அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். இந்த நாவல் புவனா நடராஜன் மொழிபெயர்ப்பில் ‘முதல் சபதம்’ என்று தமிழில் கிடைக்கிறது.

மூன்று நாவல்கள், மூன்று தலைமுறை. 1964-இல் வந்த முதல் நாவலில் பாட்டி சத்யவதி, 1967-இல் வந்த இரண்டாவதில் மகள் சுவர்ணலதா, 1974-இல் வந்த ‘பகுல் கதா’வில் பேத்தி பகுல். சத்யவதி எட்டு வயதில் கல்யாணம் ஆனவள், பெண்டாட்டியை அடிக்கிற உறவுக்கார அண்ணன்மேல் கிண்டல் பாட்டுக் கட்டி ஊர்ப் பிள்ளைகளைப் பாட வைத்தவள், பொம்பளைப் பிள்ளை ஏட்டைத் தொடலாமா என்றால் சரஸ்வதியே பொம்பளைதானே என்று கேட்பவள். அவள் தன் மகள் சுவர்ணாவைக் கல்கத்தாவில் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறாள். ஒன்பது வயது மகளை ஊருக்குக் கூட்டிப்போன இடத்தில், அம்மாவுக்குத் தெரியாமல் மாமியார் கல்யாணம் பண்ணி வைத்துவிடுகிறாள். சத்யவதி திரும்பிப் பார்க்காமல் காசிக்குப் போய்விடுகிறாள். முதல் நாவல் அங்கே முடிகிறது.

ஆனால் அந்த நாவலின் முதல் வரியே, இது நான் எழுதிய கதை இல்லை, பகுலின் நோட்டிலிருந்து எடுத்தது என்றுதான் தொடங்குகிறது. கதை என்று நினைத்தால் கதை, நிஜம் என்று நினைத்தால் நிஜம் என்று பகுல் சொன்னாளாம். யார் இந்தப் பகுல் என்று முதல் தடவை படிக்கும்போது நமக்குத் தெரியாது, ஏதோ முன்னுரை மாதிரி தாண்டிப் போய்விடுவோம். இரண்டாவது நாவலின் கடைசிப் பக்கத்தில்தான், அம்மா எரித்ததையும் எழுதாமலே விட்டதையும் தேடிக் கண்டுபிடித்து நான் எழுதுவேன் என்று பகுல் மனசுக்குள் சொல்லிக்கொள்கிறாள். அப்படியானால் மாடியில் எரிந்த நெருப்புக்குப் பிறகுதான் முதல் நாவலே எழுதப்பட்டிருக்கிறது. சத்யவதியின் எட்டு வயதுக் குறும்பையெல்லாம் நாம் ரசித்துப் படிக்கும்போது அம்மாவின் நோட்டுகள் ஏற்கெனவே சாம்பல். இதைக் கண்டுகொண்ட அன்றே முதல் நாவலை மறுபடி எடுத்தேன், அது வேறு புத்தகமாக இருந்தது.

பகுல் தன் பாட்டியோடு வாழ்ந்தவள் இல்லை. பாட்டி அவள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே காசிக்குப் போய்விட்டவள். அப்புறம் எப்படி அவள் நோட்டில் சத்யவதி அத்தனை துல்லியமாகப் பேசுகிறாள்? எங்கிருந்து வந்தது? இரண்டாவது நாவலைக் கவனித்துப் படித்தால் ஒரு வழி தெரிகிறது. புகுந்த வீட்டில் சுவர்ணாவை மாமியார் முக்தகேசி திட்டும்போதெல்லாம் அவளுடைய அம்மாவை இழுக்கிறாள். புருஷனை விட்டுப் போனவளின் மகள்தானே, வேறெப்படி இருப்பாள்! அந்த வீட்டில் சத்யவதியின் பெயர் ஓயாமல் அடிபட்டது வசவில்தான். வசவாக இருந்தாலும் பெயர் மறக்காமல் இருந்தது. நம் வீடுகளிலும் இப்படித்தான். சாதுவாக இருந்துவிட்டுப் போன அத்தையைப் பற்றிப் பேத்திகளுக்கு ஒரு வரிகூடத் தெரியாது. “அப்படியே பெரியத்தை ராங்கி”, “அவ பாட்டி வாய்தானே இவளுக்கும் இருக்கும்” என்று சொல்லிச் சொல்லி, ராங்கிக்காரப் பெரியத்தையை மூன்று தலைமுறைக்கு உயிரோடு வைத்திருப்பார்கள். எனக்குத் தெரிந்த பல பெண்கள் தங்கள் கொள்ளுப்பாட்டியைப் பற்றித் தெரிந்துகொண்டது திட்டு வாங்கும்போதுதான்.

எங்கள் ஆச்சியைப் பற்றி அப்படி ஒரு திட்டும் கிடையாது. அம்பாசமுத்திரம் பக்கம் வாழ்க்கைப்பட்டுப் போனவள், நான் பார்த்தவரைக்கும் அதிகம் பேசாதவள். அவள் வருஷக்கணக்காக வரவு செலவு எழுதிய நோட்டுகள் ஒரு கட்டு இருந்தன. காரியம் முடிந்து வீட்டை ஒழித்தபோது எல்லாவற்றையும் மாமா பழைய பேப்பர்காரருக்கு எடைக்குப் போட்டுவிட்டார். பால் கணக்கும் வண்ணான் கணக்கும் யாருக்கு வேண்டும், நியாயம்தான். ஒரே ஒரு நோட்டு மிஞ்சியது. அது என் அம்மா கல்யாணத்து மொய் நோட்டு.

மொய் நோட்டை எந்த வீட்டிலும் எடைக்குப் போடமாட்டார்கள். யார் எவ்வளவு செய்தார்கள் என்று பார்த்துத் திருப்பிச் செய்யவேண்டுமே. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி போட்ட நீள நோட்டு அது. கல்லிடைக்குறிச்சி பெரியப்பா 11-00, எவர்சில்வர் தூக்கு 1, குத்துவிளக்கு 1 ஜோடி என்று யாரோ ஒரு ஆம்பளைக் கையெழுத்தில் வரிசையாகப் போகிறது. நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்கினால் ஆச்சி. பென்சில். தேதி சிலதில் இருக்கிறது, சிலதில் கிழமை மட்டும். பெரும்பாலும் ஒரு நாளுக்கு ஒரு வரி, அப்புறம் மாதக்கணக்கில் ஒன்றும் இல்லை. “சோத்தில் கல். எல்லாரும் சொன்னார்கள். சரி.” என்று ஒன்று. “ஆற்றில் வெள்ளமாம். பார்க்கப் போகவில்லை.” தாமிரபரணி அவள் வீட்டிலிருந்து எட்டி நடக்கிற தூரம். இன்னொரு வரி: “தபால் வந்தது. பெரியவள் எழுத்து. வாசிக்கலை என்று சொல்லிவிட்டேன். வாசித்தேன்.”

இதை நான் கண்டுபிடித்த அன்று வீட்டில் எல்லாரும் இருந்தார்கள். சத்தமாகத்தான் படித்தேன். மாமா சிரித்தார். “கணக்கு எழுதச் சொன்னா அம்மா கதைல்லா எழுதியிருக்கா” என்றார். சித்தியும் சிரித்தாள். அம்மா மட்டும், “அதையெல்லாம் எதுக்கு வாசிக்க, மூடி வை” என்றாள். மாமா ஆச்சியைக் கடைசிவரை கையில் வைத்துத் தாங்கியவர், அந்தச் சிரிப்பில் கேலியைவிடப் பிரியம்தான் அதிகம் இருந்தது. ஆனாலும் அந்தப் பெரியவள் யார், எந்தத் தபால், யாரிடம் ஆச்சி வாசிக்கலை என்று சொன்னாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. சோத்துக் கல்லில் தொடங்கி மாமாவின் சின்ன வயதுச் சேட்டைக்குப் பேச்சு போய்விட்டது.

ஆச்சி காகிதம் வீணாகக் கூடாதே என்று அந்த நோட்டின் வெற்றுப் பக்கங்களில் எழுதினாளா, அல்லது எறியப்படாத நோட்டு இது ஒன்றுதான் என்று தெரிந்தே எழுதினாளா? எனக்கு இரண்டாவதை நம்பத்தான் ஆசை. முதலாவதுதான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இதை வைத்து ஒரு கதை எழுது என்று என் தோழி விடாமல் சொல்கிறாள். எனக்கு இரண்டு மனசு. பரணில் கிடைக்கும் டைரியை வைத்து எழுதப்படும் நாவல்கள், தொடர்கள் மேல் எனக்கு ஒரு எரிச்சலே உண்டு. தூசியைத் தட்டித் திறந்தால் பாட்டி அத்தியாயம் அத்தியாயமாக, திருத்தமான உரைநடையில், யாரும் கேட்காமலே தன் காதலையும் துரோகத்தையும் வரிசையாகச் சொல்லி வைத்திருப்பாள். அந்த டைரியில் ஒரு நாள்கூடப் பால் கணக்கு இருக்காது. பேத்தி தெரிந்துகொள்ள விரும்பியது எல்லாம் இருக்கும், பேத்திக்குப் பிடிக்காதது ஒன்றும் இருக்காது. ஆச்சி எழுதிய அந்தத் தபால் வரியை அப்படி நிரப்ப எனக்கு அரை மணி நேரம் போதும். பெரியவள் என்று யாரைச் சொன்னாள் என்பதற்கே மூன்று பேரைச் சொல்லலாம், மூன்றுக்கும் மூன்று கதை.

நிரப்பாமல் எழுதுவது எப்படி என்பதற்கு மைதிலி சிவராமன் செய்ததைச் சொல்லவேண்டும். கீழ்வெண்மணியைப் பற்றி எழுதிய, ஜனநாயக மாதர் சங்கத்தைக் கட்டிய அதே மைதிலிதான். தன் பாட்டி சுப்பலட்சுமி விட்டுப்போன டைரி, கடிதங்கள், படித்த புத்தகங்களிலிருந்து எடுத்த குறிப்புகள் இவற்றை வைத்து ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார், 2006-இல் வந்தது. பாட்டிக்கு 11 வயதில் கல்யாணம், 14 வயதில் குழந்தை. கணவர் உப்பு இலாகா அதிகாரி, ஊர் ஊராக, கடற்கரை ஓரத்து உப்பளங்களில் தனிமையில் குடித்தனம், அப்புறம் திருவல்லிக்கேணி. மகளைச் சாந்திநிகேதனுக்குப் படிக்க அனுப்பவேண்டும் என்று ஆசைப்பட்ட பெண், வீட்டுக்குள்ளேயே மௌனமாகிப் போனவள். புத்தகத்தின் தலைப்பிலேயே துண்டுகள் என்றுதான் சொல்கிறார், உள்ளேயும் துண்டுகளாகவே விட்டுவைக்கிறார். எனக்குத் தெரிந்த பாட்டி வேறு, இந்தக் காகிதங்களில் இருக்கிற பெண் வேறு என்ற திகைப்பை மறைக்காமல் எழுதுகிறார். வரலாறு எழுதுகிறவர் அப்படித்தான் நிறுத்தவேண்டும்.

நாவலாசிரியர் அங்கே நிற்க முடியாது, நிற்கவும் வேண்டாம். ஆஷாபூர்ணா நிரப்புகிறார், தாராளமாகவே நிரப்புகிறார். அவர் செய்த ஒரு காரியத்தால்தான் எனக்கு அவர் மேல் மற்ற டைரி நாவல்கள் மேல் இருக்கிற எரிச்சல் இல்லை. எரிந்துபோன அம்மாவின் நோட்டை அவர் நம் கையில் கொண்டுவந்து கொடுக்கவில்லை. பரணில் ஒரு பிரதி தப்பியது, அதோ கிடைத்துவிட்டது என்று எளிதாக எழுதியிருக்கலாம். எரிந்தது எரிந்ததுதான். நமக்குக் கிடைப்பது மகளின் நோட்டு, அதை மகளின் நோட்டு என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார். பாட்டியின் குரலில் பேசுகிறேன் என்று பகுல் நடிக்கவில்லை, நம்புவதும் நம்பாததும் உன் பாடு என்கிறாள்.

மூன்றாவது நாவல் எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். புதுக்காலத்துப் பெண்களைப் பற்றிய சலிப்பு அதில் கொஞ்சம் அதிகம், சில இடங்களில் பெரியம்மா உபதேசம் மாதிரி ஆகிவிடுகிறது. ஆனால் ஒரு விஷயத்துக்காக அதைப் படிக்கலாம். பகுல் இப்போது அனாமிகா தேவி என்ற புனைபெயரில் பேர்பெற்ற எழுத்தாளர். கூட்டங்கள், வாசகர் கடிதங்கள், பத்திரிகைக்காரர்கள். எல்லார் கதையையும் எழுதுகிறவளுக்குப் பகுலின் கதையை மட்டும் எழுத முடிவதில்லை, அது தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. அவள் இருப்பது அப்பா வீட்டில், அண்ணன்மாரின் குடும்பங்களோடு. அம்மா எழுதியதைக் கேட்டுச் சிரித்த அதே வீட்டு மனுஷர்களுக்கு நடுவில் உட்கார்ந்துதான் மகள் ஊரறிந்த எழுத்தாளராக இருக்கிறாள். அவர்கள் அவளைப் படிக்கிறார்களா என்றால், அதைப் பற்றி யாருக்கும் பெரிய அக்கறை இல்லை.

கதை எழுதுவேனா என்று தெரியவில்லை. எழுதினால் ஆச்சி பேசமாட்டாள், நான்தான் பேசுவேன், அது மட்டும் முடிவாகிவிட்டது. போன மாதம் மாமா போன் பண்ணினார். “ஏட்டி, அந்த மொய் நோட்டு உன்கிட்டதானே இருக்கு? கல்லிடைக்குறிச்சியில பேத்தி கல்யாணம் வருது, அவங்க உங்கம்மாவுக்கு என்ன செஞ்சிருக்காங்கன்னு பார்த்துச் சொல்லு.” பார்த்துச் சொன்னேன். பதினோரு ரூபாய்க்கு இன்றைக்கு என்ன கணக்கு, ஆயிரத்தொன்று வைத்தால் போதுமா என்று கொஞ்ச நேரம் பேசினோம். நம்பாமல் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார், முன்பக்கத்தை மட்டும் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன்.